கல்லும் ஏடும்: சாப்பல் ஹில் போர்வீரன் சிலை பற்றிய ஓர் ஆராய்ச்சி

போரிலே மாய்ந்தார்க்குக் கல் நாட்டுதல் மக்களினத்தின் பழைய வழக்கங்களுள் ஒன்று. தொல்காப்பியர் அதனைப் புறத்திணையுள் வைத்து, கல்லைக் காண்டல் முதலாக வாழ்த்துதல் ஈறாக அறுவகைப் படிகள் கூறினார். கல் தானாகப் பேசுவதில்லை. அதனைத் தேர்ந்தவரும் நாட்டியவரும் வாழ்த்தியவருமே அதன் வாயிலாகப் பேசுகின்றனர் என்பது அப்பகுப்பிலிருந்தே விளங்கும். ஆதலின் நினைவுச் சின்னமொன்றை ஆராயப் புகுவோர் அதன் உருவழகை மட்டும் நோக்கி அமைதல் போதாது. நாட்டியவர் யார், நாட்டிய காலம் யாது, நாட்டிய நாளிற் சொன்னவை எவை, சொல்லாது விட்டவை எவை என்னும் வினாக்களுக்கும் விடை காணல் வேண்டும்.

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களிலே நெடுங்காலமாக நிகழ்ந்துவரும் நினைவுச் சின்னப் பூசலை விளங்கிக்கொள்வதற்கு இவ்வினாக்கள் பெரிதும் உதவும். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில், அமெரிக்க ஒன்றியத்தை விட்டுப் பிரிந்த பதினொரு மாநிலங்கள் 'கூட்டிணைப்பு' என்னும் பெயரில் தனியரசு அமைத்துப் போரிட்டுத் தோற்றன. தோற்ற அவ்வரசின் தளபதிகளுக்கும் வீரர்களுக்கும் நீதிமன்ற முற்றங்களிலும் நகரச் சதுக்கங்களிலும் நூற்றுக்கணக்கான சிலைகள் எழுந்தன. அவற்றுட் பல இந்நூற்றாண்டில் அகற்றப்பட்டுள்ளன; பல இன்றும் நிற்கின்றன. அகற்றுவோர் அவற்றை அடிமை முறையின் புகழ்த்தூண்கள் என்பர். காக்க முனையும் மரபுரிமைச் சங்கத்தார் அவற்றைத் தம் முன்னோரின் நினைவு என்பர். இவ்விரு கூற்றையும் சீர்தூக்குதற்கு, பல்கலைக்கழக முன்றிலொன்றில் 105 ஆண்டுகள் நின்று வீழ்ந்த சிலையை எடுத்து ஆராய்தல் பொருத்தமுடையது. ஏனெனில் அங்கே சிலையும் சுவடியும் ஒரே வளாகத்தில் இருந்தன.

வட கரோலினாப் பல்கலைக்கழகம் சாப்பல் ஹில் என்னும் ஊரில் 1795 இல் மாணவரை ஏற்கத் தொடங்கிய பழம்பெருங் கல்வி நிலையம். போர் மூண்டபோது அதன் மாணவர் பலர் நூலைக் கைவிட்டுக் கூட்டிணைப்புப் படையிற் சேர்ந்தனர். அவர்களின் நினைவாக 1913 யூன் 2 ஆம் நாள் அங்கே ஒரு வெண்கலச் சிலை திறந்துவைக்கப்பட்டது. கனடா நாட்டிற் பிறந்த ஜோன் வில்சன் என்பார் அதனை வடித்தார். இளம் போர்வீரன் ஒருவன் இரு கையாலும் துப்பாக்கியைப் பற்றி வடக்கு நோக்கி நிற்கின்றான். அவன் இடையிலே தோட்டாப் பை இல்லை. சுடுதற்கு இயலாத இவனுக்கு, 'மௌன சாம்' என்னும் பெயர் பிற்காலத்து மாணவர் வழக்கில் நிலைத்தது. பீடத்தின் முன்புறத்திலுள்ள புடைப்புச் சிற்பத்தில், மாநிலத்தின் உருவகமான பெண்ணொருத்தி மாணவன் ஒருவனைப் போருக்கு அழைக்கின்றாள். அவன் கையிலிருந்து நூல்கள் நழுவுகின்றன.

கலைநோக்கிற் பார்த்தால் இச்சிலை தாழ்ந்ததன்று. வெற்றிச் செருக்கோ வீராவேசமோ அதனிடம் இல்லை. தனித்து நிற்கும் ஓர் இளைஞனின் அமைதியே பார்வையாளர் உள்ளத்தில் முதலிற் பதிகின்றது. அவ்வமைதியிலேதான் ஆராய்வோன் விழிப்பாயிருத்தல் வேண்டும். இளமையும் துயரமும் எவர் உள்ளத்தையும் இளக்குவன. எதற்காகப் போரிட்டான் என்னும் கேள்வி அவ்விளக்கத்தில் மறைந்துவிடும். பீடத்தின் பொறிப்பும் இதற்குத் துணைசெய்கின்றது. தாய்நாட்டின் அழைப்பை ஏற்றுப் போருக்குச் சென்றோர் என்றும், கடமையே ஆங்கில மொழியின் மிகவுயர்ந்த சொல் என்னும் தம் தளபதியின் பாடத்தை வாழ்ந்து காட்டியோர் என்றும் அது மாணவரைப் போற்றுகின்றது. அடிமை முறை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கடமை பற்றிய அக்கூற்றுங்கூடத் தளபதி ரொபேட் ஈ. லீயினது அன்று. அவர் தம் மகனுக்கு எழுதியதாக வழங்கிய ஒரு மடலிலிருந்து அது எடுக்கப்பட்டது. அம்மடல் போலியென்று பின்னர் ஆராய்ந்தோர் நிறுவினர். ஒரு பல்கலைக்கழகத்தின் தலைவாயிலில், மாணவர்க்கு அறமுரைக்கும் இடத்தில், போலி மேற்கோள் ஒன்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாகப் பொறிக்கப்பட்டிருந்தது.

கல் சொல்லாது விட்டதைச் சொல்வதற்கு வேறு சான்றுகள் உள. 1860 ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி வட கரோலினாவில் வாழ்ந்தோர் 992,622 பேர். அவருள் 331,059 பேர் அடிமைகள். மிசிசிப்பி மாநிலம் பிரிவினைக்குக் காரணங் காட்டி 1861 இல் வெளியிட்ட பிரகடனம், தன் நிலைப்பாடு அடிமை முறையோடு பின்னிப் பிணைந்தது என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறிற்று. கூட்டிணைப்பின் உபதலைவர் அலெக்சாந்தர் ஸ்ரீபன்ஸ் 1861 மார்ச் 21 ஆம் நாள் சவானா நகரிற் பேசியபோது, கறுப்பின மக்கள் வெள்ளையர்க்கு நிகரல்லர் என்பதும் அடிமைத்தனமே அவர்க்கு இயல்பான நிலை என்பதுமே புதிய அரசின் மூலைக்கல் என்றார். போர் முடிந்தபின் அவரே மாநில உரிமைக்காக நடந்த போர் அஃதென்று விரிவாக நூலெழுதினார். தோற்றபின் காரணம் மாற்றியுரைக்கப்பட்டமை இங்கே தெளிவாகின்றது.

இம்மாற்றுரை நாட்டில் வேரூன்றியது தானாக அன்று. அதனைத் திட்டமிட்டு வளர்த்த சங்கங்கள் இருந்தன. அவற்றுள் தலையாயது, 1894 இல் நாஷ்வில் நகரில் நிறுவப்பட்ட 'கூட்டிணைப்புப் புதல்வியர் ஐக்கிய சங்கம்'. 1896 இல் றிச்மண்ட் நகரில் 'கூட்டிணைப்பு வீரர் மைந்தர் சங்கம்' தோன்றியது. புதல்வியர் சங்கத்தின் பணிகளுட் போற்றத்தக்கனவும் உண்டு. முதிய வீரர்க்கும் கைம்பெண்டிர்க்கும் அது உதவியது; இறந்தோரின் கல்லறைகளைப் பேணியது. அச்சங்கத்துக்கு முன்பே, போர் ஓய்ந்த நாட்களில், சிதறிக் கிடந்த உடல்களைத் திரட்டி அடக்கஞ் செய்தவர்களும் தென்னாட்டுப் பெண்களே. மகனை இழந்த தாயின் கண்ணீரை எவரும் பழித்தல் ஆகாது.

ஆயினும் கல்லறையோடு அச்சங்கத்தின் பணி நிற்கவில்லை. அது பள்ளிக்கூடத்துள்ளும் புகுந்தது. சங்கத்தின் வரலாற்றுப் பொறுப்பாளராய் விளங்கிய மில்ட்ரெட் லூயிஸ் றதர்போட் என்பார், பாடநூல்களை அளந்தறிதற்குரிய அளவுகோல் என ஒரு சிறுநூல் வெளியிட்டார். அடிமைகளை வைத்திருத்தற்காகவே தென்னாட்டார் போரிட்டனர் என்று கூறும் நூலையும், அடிமைகளின் எசமானரைக் கொடியோர் என்று கூறும் நூலையும் விலக்குமாறு அது பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் அறிவுறுத்திற்று. சிறுவர்க்கெனத் தனிக் கிளை அமைத்து, வினாவிடையாக இக்கொள்கைகளை மனனம் செய்வித்தனர். முதலில் தீர்ப்பை எழுதிவிட்டுப் பின்னர் அதற்கிசைந்த சான்றுகளை மட்டும் ஏற்றல் ஆராய்ச்சி முறைக்கு முற்றும் மாறானது. முற்றத்திலுள்ள சிலையும் வகுப்பிலுள்ள பாடநூலும் ஒரே பொய்யைச் சொல்லும்போது, அதனை ஐயுறும் மாணவனுக்குப் பற்றுக்கோடு யாது?

சிலைகள் எழுந்த காலமும் ஊன்றி நோக்கத்தக்கது. அவற்றுட் பெரும்பாலானவை போர் முடிந்த அண்மையில் எழுந்தவையல்ல. 1890 களுக்கும் 1920 களுக்கும் இடையில் எழுந்தவை. அக்காலத்திலேதான் விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் உரிமைகள் ஒவ்வொன்றாகப் பறிக்கப்பட்டன. 1896 இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் இனவாரியான பிரிவினையைச் சட்டத்துக்கு இசைந்ததெனத் தீர்த்தது. 1898 நவம்பர் 10 ஆம் நாள் வட கரோலினாவின் வில்மிங்டன் நகரிலே, முறைப்படி தெரிவுசெய்யப்பட்ட நகராட்சியை ஆயுதந் தாங்கிய வெள்ளையர் கவிழ்த்தனர். கறுப்பினத்தார் பலரைக் கொன்றனர். அவர்தம் செய்தித்தாள் அலுவலகத்தைத் தீக்கிரையாக்கினர். 1900 இல் அம்மாநிலம் எழுத்தறிவுச் சோதனையையும் தலைவரியையும் விதித்துக் கறுப்பினத்தாரை வாக்குரிமையினின்றும் நீக்கியது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்துச் சாப்பல் ஹில்லில் அவ்வீரன் நிறுத்தப்பட்டான். நீதிமன்றத்துக்குச் செல்லும் கறுப்பினத்தான் முதலிற் காண்பது யாருடைய சிலை என்பதை எண்ணிப் பார்ப்போர்க்கு, அது கல்லறையில் அல்லாது நீதிமன்ற வாயிலில் நாட்டப்பட்ட காரணம் புலப்படும்.

இனி, வாழ்த்துரையை நோக்குவோம். திறப்பு விழாவிற் பேசியோருள் ஒருவர் யூலியன் கார். அவர் பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர், கூட்டிணைப்புப் படையிற் பணியாற்றியவர், பெருஞ் செல்வர், பல்கலைக்கழக அறங்காவலருள் ஒருவர். போர் முடிந்த பின்னர் வந்த நான்காண்டுகளிலே தென்னாட்டில் ஆங்கிலோ சாக்சன் இனத்தின் வாழ்வையே காத்தவர்கள் இவ்வீரர்கள் என்று அவர் அன்று புகழ்ந்தார். பின்னர்த் தம் வாழ்க்கையிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துக் கூறினார். சரணடைவு முடிந்து ஊர் திரும்பிய சில மாதங்களுள், வெள்ளைப் பெண் ஒருத்தியை அவமதித்தாள் என்பதற்காக, கறுப்பினப் பெண் ஒருத்தியை, சிலை நிற்குமிடத்திலிருந்து நூறு யார் தொலைவிலே, உடுத்த ஆடை கந்தலாகும்வரை தாம் குதிரைச் சவுக்கால் அடித்ததாக அவர் பெருமையோடு உரைத்தார். பல்கலைக்கழகக் கட்டடத்துள் தஞ்சம் புகுந்த அவளை அங்கிருந்த படைவீரர் முன்னிலையிலேயே அடித்ததாகவும் கூறினார். கூடியிருந்தோர் ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் அவர்தம் இல்லத்தாருமாவர்.

இச்சொற்கள் பீடத்திற் பொறிக்கப்படவில்லை. சிலையைக் கடந்து நாடோறும் வகுப்புக்குச் சென்ற எண்ணற்ற மாணவர் அவற்றை அறிந்திலர். அவ்வுரையின் கையெழுத்துப் படி அதே பல்கலைக்கழகத்தின் நூலகச் சுவடித் தொகுதியிற் கிடந்தது. ஏறத்தாழ நூறாண்டு கழிந்தபின் ஆய்வு மாணவர் ஒருவர் அதனைக் கண்டெடுத்து வெளிப்படுத்தினார். அதன் பின்னரே சிலை யாது சொல்ல நாட்டப்பட்டது என்பதை மாணவர் உலகம் தெளிவாக அறிந்தது.

மரபுரிமைச் சங்கத்தார் கூறும் வாதங்கள் மூன்று. அவற்றை அவர்தம் வலிமை குன்றாமல் எடுத்துரைத்தே மறுத்தல் முறை. முதலாவது, சாதாரண வீரன் அடிமைகளின் உடைமையாளன் அல்லன். அவன் ஊரைக் காக்கச் சென்றான் என்பது. இதில் உண்மை உண்டு. கூட்டிணைப்பு அரசு 1862 இல் கட்டாயப் படைச்சேர்ப்பைக் கொண்டுவந்தது. அதே ஆண்டில், இருபது அல்லது அதற்கு மேற்பட்ட அடிமைகள் உள்ள தோட்டத்துக்கு ஒரு வெள்ளையன் வீதம் விலக்கும் அளித்தது. செல்வனின் போரில் ஏழை மாய்ந்தான் என்று அன்றே பலர் முறையிட்டனர். ஆனால் அவ்வாதம் சிலைக்குத் துணையாகாது, பகையாகும். வற்புறுத்திக் களத்துக்கு அனுப்பப்பட்ட ஏழையைத் தாய்நாட்டின் அழைப்பைத் தானே விரும்பி ஏற்றவனாகக் காட்டுதல் அவனுக்குச் செய்யும் இரண்டாவது அநீதி.

இரண்டாவது வாதம், முன்னோரை அவர் காலத்து அளவைகொண்டே மதித்தல் வேண்டும் என்பது. அங்ஙனமே மதித்தாலும் சிலைகள் தப்பா. றிச்மண்ட் நகரில் லீயின் மாபெருஞ் சிலை 1890 மே 29 இல் திறக்கப்பட்டபோதே, கறுப்பினத்தாரின் இதழொன்றின் ஆசிரியரான ஜோன் மிச்செல் அதனைக் கண்டித்தார். அதனை எழுப்பிய உழைப்பில் கறுப்பினத்தான் பங்குண்டு. காலம் வருமாயின் அதனை இறக்கவும் அவன் அங்கிருப்பான் என்று அவர் எழுதினார். 2021 செப்டெம்பர் 8 இல் அச்சிலை இறக்கப்பட்டபோது, பணியை ஏற்று நடத்திய ஒப்பந்தக்காரர் கறுப்பினத்தவரே. லீயும் தம் காலத்திலேயே, 1869 இல், கெற்றிஸ்பேர்க் போர்க்களத்தைக் குறித்து வைக்கும் முயற்சிக்கு அழைக்கப்பட்டபோது, போரின் புண்களை ஆறவிடுதலே அறிவுடைமை என்று மறுத்தார். அக்காலத்தவர் என்னும் சொல்லுக்குள் வெள்ளையரை மட்டும் அடக்கி, அவருள்ளும் தமக்கு இசைந்தவரை மட்டும் எண்ணுவோர்க்கே அவ்வாதம் வலிமையுடையதாகத் தோன்றும். மாநிலத்து மக்களில் மூன்றிலொரு பங்கினராயிருந்த அடிமைகளும் அக்காலத்தவரே.

மூன்றாவது வாதமே மிகுதியாக எடுத்தாளப்படுவது: சிலையை அகற்றினால் வரலாறு அழியும் என்பது. சாப்பல் ஹில் நிகழ்ச்சி இதற்கு நேர்மாறானதைக் காட்டுகின்றது. சிலை நின்றவரை வரலாறு மறைந்திருந்தது. சிலை பற்றிய பூசலே அதனை வெளிக்கொணர்ந்தது. காரின் உரையைக் காத்தது ஏடு. அதனை மூடிவைத்தது கல். வரலாறு என்பது சான்றுகளை வைத்து ஆராய்ந்து திருத்திக்கொண்டே செல்லும் கல்வி. சிலையோ ஒரு தலைமுறை வழங்கிய பாராட்டு. பாராட்டை மீட்டுக்கொள்வதனால் சான்று அழிவதில்லை.

இனி, அச்சிலை வீழ்ந்த வரலாறும் வீழ்ந்தபின் நடந்ததும் ஆராயற்பாலன. 1965 இலேயே மாணவர் இதழிற் சிலையை எதிர்த்துக் கடிதங்கள் வெளிவந்தன. 1968 இல் மாட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டபின் அதன்மீது வண்ணம் பூசப்பட்டது. 2015 யூன் 17 ஆம் நாள் சார்ல்ஸ்டன் நகரத் தேவாலயத்தில் ஒன்பது கறுப்பினத்தார் இனவெறியன் ஒருவனாற் கொல்லப்பட்டனர். அயலிலுள்ள தென் கரோலினா தன் சட்டசபை முற்றத்திலிருந்த கூட்டிணைப்புக் கொடியை அடுத்த மாதமே இறக்கியது. வட கரோலினாச் சட்டசபையோ அதே மாதத்தில், பொதுவிடத்து நினைவுச் சின்னங்களை அகற்றுதலைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. 2017 ஓகஸ்ட் 12 இல் சார்லட்ஸ்வில் நகரில் லீயின் சிலையைக் காக்கவென்று திரண்ட இனவாதிகளுள் ஒருவன், எதிர்த்து நின்ற கூட்டத்துள் வாகனத்தைச் செலுத்தி ஒரு பெண்ணைக் கொன்றான். மறுவருடம் ஓகஸ்ட் 20 ஆம் நாள் இரவு, வகுப்புகள் தொடங்குதற்கு முந்திய நாளில், சாப்பல் ஹில் சிலையைக் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தினர்.

இருளில் வீழ்த்துதல் கல்விக் கழகத்துக்குரிய முறையன்று. காரணங் காட்டிப் பகலில் இறக்குவதே சிறப்பு. எனினும் முறையான வாயில்களையெல்லாம் அடைத்துவிட்டு முறைகேட்டைக் குறை கூறுவோரின் பொறுப்பும் சிறிதன்று.

அதனினும் பெரிய குறை பின்னர் நிகழ்ந்தது. 2019 நவம்பர் 27 ஆம் நாள், மைந்தர் சங்கத்தின் வட கரோலினாக் கிளை தொடுத்த வழக்கொன்று, தொடுத்த அன்றே சமரசமாக முடிந்தது. சிலையைச் சங்கத்துக்குக் கையளிப்பதுடன், அதனைப் பேணுதற்கென 25 இலட்சம் டொலரும் வழங்கப் பல்கலைக்கழக ஆளுநர் சபை உடன்பட்டது. வழக்குத் தொடுக்கத் தமக்கு உரிமை இல்லை என்பதைச் சங்கத் தலைவர் தம் உறுப்பினர்க்கு எழுதிய மடலில் ஒப்புக்கொண்டிருந்தமை விரைவிற் பகிரங்கமாயிற்று. மாணவரும் ஆசிரியரும் கிளர்ந்தெழுந்தனர். 2020 பெப்ரவரி 12 இல், சங்கத்துக்கு வழக்காடும் உரிமை இல்லையென்று கண்ட நீதிபதி அவ்வுடன்பாட்டை நீக்கினார். கல்விக்கெனக் காக்கப்படும் பொருளைக் கொண்டு பாடநூலைத் தணிக்கை செய்த மரபின் வழித்தோன்றல்களுக்குக் கொடையளிக்க முனைந்தமை, சவுக்கடிப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த 1913 ஆம் ஆண்டு அவையோரின் மௌனத்தினும் கொடியது. அவர்கள் கேட்டிருந்தனர், இவர்கள் அவ்வுரையின் ஏட்டைத் தம் கையிலேயே வைத்திருந்தும் உடன்பட்டனர்.

பூசல் இன்னும் முடிந்துவிடவில்லை. சார்லட்ஸ்வில்லின் லீ சிலை 2023 இல் உருக்கப்பட்டது. அதே ஆண்டு திசெம்பரில், புதல்வியர் சங்கத்தாரின் முயற்சியால் 1914 இல் ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் எழுந்த நினைவுச் சின்னம் அகற்றப்பட்டது. அதனை மீண்டும் நிறுவப்போவதாக 2025 ஓகஸ்டில் அரசாங்கம் அறிவித்தது. அரசு மாறுந்தோறும் கல் ஏறுவதும் இறங்குவதுமாயின், அதனை வரலாறு என்று கூறுதல் எங்ஙனம்?

சாப்பல் ஹில் முன்றிலில் வீரன் நின்ற இடத்துக்கு அணித்தாக இன்னொரு நினைவுச் சின்னம் உண்டு. 2002 ஆம் ஆண்டு வகுப்பு மாணவர் அளித்த கொடையால் 2005 இல் அது திறக்கப்பட்டது. கொரிய நாட்டுக் கலைஞர் டோ ஹோ சூ அதனை அமைத்தார். வட்டமான கல்மேசையொன்றை முந்நூறு சிறிய வெண்கல மனிதர் தலைக்குமேல் கையுயர்த்தித் தாங்கி நிற்கின்றனர். பல்கலைக்கழகத்தைக் கட்டியெழுப்ப உழைத்த கறுப்பின மக்களாகிய அடிமைகளுக்கும் அடிமையல்லாதார்க்கும் அது நினைவாகும். இதிலும் குறையுண்டு. வீரன் உயர்ந்த பீடத்தில் நின்றான். இவர்களோ புல்லோடு புல்லாய்த் தாழ நின்று இன்னும் சுமக்கின்றனர். மேசையில் உணவை வைத்து உண்போர் அவர்களைக் காணாமலே எழுந்து செல்லலாம். ஆயினும் மாணவர் தாமே முன்வந்து, கல் சொல்லாது விட்டதைச் சொல்ல முயன்றமையின் அது மதிக்கத்தக்கது.

அடியுண்ட அப்பெண்ணின் பெயரைக் கார் தம் உரையிற் கூறவில்லை. எந்தக் கல்லிலும் அவள் பெயர் இல்லை. அடித்தவன் பெருமைக்காக எழுதிவைத்த ஏட்டில் மட்டும் அவளுக்கு நேர்ந்தது எஞ்சியிருக்கின்றது. அவ்வேட்டைக் காத்தலும், கேட்போர்க்கெல்லாம் அதனைத் திறந்து காட்டுதலும், பாராட்டைச் சான்றினின்றும் பிரித்தறிய மாணவர்க்குக் கற்பித்தலுமே கல்விக் கழகமொன்று தன் இறந்தார்க்கும் இருப்பார்க்கும் செய்யக்கூடிய கடன்.